சவுக்குக்காரன் வீடு

சதுக்கத்தின் நடுவில் நின்று பேசினால் நான்கு பக்கச் சுவர்களுக்கும் கேட்கிற குரல் அந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அதனால் அவருக்கு வெண்கலம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் நகரசபைப் பதிவேட்டில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருஷம் சதுக்கத்தின் வழிகாட்டி வேலை. கழுத்தில் பித்தளை வில்லை, கையில் ஒரு பிரம்பு, மணிக்கூண்டுக்குப் பின்னால் நகரசபை கொடுத்த ஓர் அறை. மனைவி ஒருத்தி வந்தாள், ஆறு வருஷம் அந்தக் குரலை அறைக்குள்ளும் கேட்டாள், பிறகு தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கேட்க ஒருத்தி இல்லாவிட்டால் என்ன, காலை ஒன்பது மணிக்கு முப்பது பேர் வந்து நிற்பார்கள்.

சதுக்கம் நானூறு வருஷப் பழையது. வடக்கே பதினொரு வளைவுகள் வைத்துக் கட்டிய பழைய நீதிமன்றம். கிழக்கே மணிக்கூண்டு. அதற்கு நான்கு முகம், நான்கு நேரம், நான்கும் தப்பு. நடுவில் நீரூற்று. அதைச் சுற்றி நான்கு கல் மீன்கள், மூன்று மீன் தண்ணீர் துப்பும், நாலாவது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். மேற்கே கடைவரிசை. தெற்கே ஒன்றோடு ஒன்று தோள் இடித்துக்கொண்டு நிற்கும் ஏழு ஒடுக்கமான வீடுகள். அவற்றில் ஐந்தாவது வீட்டுக்குப் பச்சைக் கதவு. கதவுக்கு நேர் எதிரே தரையில் ஒரு கறுப்புக் கல், கல்லில் பதித்த இரும்பு வளையம்.

வெண்கலத்துக்கு வந்த வினை எல்லாம் இந்தத் தெற்குப் பக்கத்தால் வந்ததுதான். நீதிமன்றத்தில் தொடங்கும் கூட்டம் மணிக்கூண்டு வரை வாய் பிளந்து கேட்கும். நீரூற்றில் முகம் கழுவும். கடைவரிசையில் பாதி கரைந்துவிடும். தெற்குப் பக்கம் வரும்போது நாலு பேர் நிற்பார்கள், அதில் ஒருவர் கால்வலிக்காரர். பேசுகிறவனுக்கு இதைவிட அவமானம் உண்டா? கல்லால் அடித்தால்கூடத் தாங்கிக்கொள்வான், கொட்டாவியைத் தாங்க மாட்டான்.

ஒரு தூறல் நாளில் பன்னிரண்டு பேர் மூன்று பேராகிவிட்டார்கள். மூவரில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். வெண்கலம் அந்த வளையத்தைப் பார்த்தார். யோசிப்பதற்கு முன்பே வாய் பேசிவிட்டது.

"இந்த வளையம் எதுக்குன்னு தெரியுமா? ஆளைக் கட்டிப் போடறதுக்கு. அதோ அந்த நீதிமன்றத்துல தீர்ப்பு, இதோ இந்தக் கல்லுல தண்டனை. நாப்பது சவுக்கடி. அடிச்சவன் எங்க குடியிருந்தான்? தள்ளி எங்கயும் இல்ல. இந்தப் பச்சைக் கதவு வீட்டுலதான்."

கொட்டாவி பாதியில் நின்றது. கடைப்பக்கம் போனவர்கள்கூட அந்தக் குரல் கேட்டுத் திரும்பி வந்தார்கள். "அவன் வம்சம் இப்போ இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். வெண்கலத்துக்கு ஒரு நொடிதான் பிடித்தது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சவுக்கு போயிடுச்சுங்க. ரத்தம் இங்கதான் இருக்கு."

அந்த வரியைச் சொல்லிவிட்டு அவரே சிலிர்த்துப்போனார். அன்றைக்கு இரவு அவருக்கு நல்ல தூக்கம்.

பச்சைக் கதவு வீட்டில் குடியிருந்தது ஒரு தையல்காரம்மாவும் ஒன்பது வயது மகளும். கணவன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். ஜன்னலோரம் தையல் மெஷின், சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கும் தைத்த துணிகள், தரை முழுக்க நூல் துணுக்கு. சதுக்கத்து வெளிச்சம் நேராக ஊசியில் விழும் என்பதால்தான் அந்த வீட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே கூட்டம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தபோது முதலில் சிரித்தாள். பைத்தியங்கள் என்று நினைத்தாள்.

அடுத்த மாதம் கல் வந்தது. அடிபட்டுச் செத்தவர்களுக்கு மரியாதை செய்ய ஏதாவது வழக்கம் உண்டா என்று ஒரு நல்ல மனசுக்காரர் கேட்டுவைத்தார். நல்ல மனசுக்காரர்களால் வருகிற கேடு கொஞ்சநஞ்சமில்லை. "உண்டே! ஒரு சின்னக் கல்லை எடுத்து அந்த வாசல்படியில போட்டுட்டுப் போவாங்க" என்றார் வெண்கலம். அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. காலையில் கதவைத் திறந்தால் படியில் கல். மெதுவாக வைப்பவர்கள் வைத்தார்கள், எறிபவர்கள் எறிந்தார்கள். தையல்காரம்மா தினமும் துடைப்பத்தால் தள்ளிவிட்டுத்தான் மெஷினில் உட்கார்ந்தாள்.

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவருடைய அறைக்கு வந்தாள்.

"அண்ணே, என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சவுக்குன்னு கூப்பிடறாங்க."

"பசங்கன்னா அப்படித்தாம்மா. என்னைக்கூட வெண்கலம்ங்கறாங்க. நான் கோவிச்சுக்கறேனா?"

"நாங்க இந்த ஊருக்கு வந்தே பதினஞ்சு வருஷம்தான் ஆகுது. எங்களுக்கும் அந்தச் சவுக்குக்காரனுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல. எனக்குத் தெரியாதா? கதைதானேம்மா. கேட்டவன் ஊருக்குப் போனதும் மறந்துடுவான்."

"அவங்க ஊருக்குப் போயிடறாங்க அண்ணே. நாங்க இங்கதானே இருக்கோம்."

வெண்கலம் சிரித்தார். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்.

கதை பொய் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தால்கூட ஏதோ போகட்டும் என்று விடலாம். உண்மை என்ன என்பதும் தெரிந்துபோயிற்று. நீதிமன்றத்துப் பதிவறையில் இருந்த மனிதர் ஒருநாள் மதியம் அவரைக் கூப்பிட்டு ஒரு பழைய ஏட்டைக் காட்டினார். சதுக்கம் முதலில் தானியச் சந்தை. வளையம் பொதிக் குதிரைகளைக் கட்ட அடித்தது. பச்சைக் கதவு வீட்டைக் கட்டிக்கொண்டவன் சதுக்கத்து விளக்குகளை ஏற்றுகிறவன். நாற்பத்தாறு விளக்கு, தினமும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறான். அவன் மகனும், பேரனும் அதே வேலை.

"சவுக்கும் இல்ல, மண்ணும் இல்லய்யா. இனிமே இதைச் சொல்லு" என்றார் பதிவறைக்காரர்.

வெண்கலம் ஏட்டை மரியாதையாக மூடினார். "விளக்கேத்துனவன் கதையை எவன் நின்னு கேப்பான்?"

பதிவறைக்காரரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவருக்குத் தூசியால் இருமல், ஓய்வுபெற ஐந்து மாதம். ஏடு மறுபடி அலமாரிக்குப் போனது.

கதை வளர்ந்தது. நாற்பது அடி நாற்பத்தொன்று ஆயிற்று, ஒற்றைப்படையில் ஒரு பயங்கரம் இருக்கிறது என்பது வெண்கலத்தின் தொழில் அனுபவம். மேற்குக் கடைகளில் சாவிக்கொத்தில் மாட்டுகிற குட்டித் தோல்சவுக்கு விற்பனைக்கு வந்தது. கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தையல்காரம்மாவைத் தெரியும், அவளிடம் சட்டை தைத்துப் போட்டவர்கள்தான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சவுக்கு நன்றாக விற்கும்போது எதற்குத் திறக்க வேண்டும்? மெல்ல மெல்ல அவளிடம் துணி கொடுக்க வருவதும் குறைந்தது. வேண்டுமென்று யாரும் ஒதுக்கவில்லை. அந்தப் படியில் கல்லை மிதித்து ஏறக் கூச்சமாக இருக்கிறது என்றார்கள், அவ்வளவுதான். வீட்டை விட்டுப் போய்விடேன் என்று சொன்னவர்களிடம் அவள் ஒரே பதில்தான் சொன்னாள். "தப்பு பண்ணாதவ நான் ஏன் போகணும்?"

இப்படியே பதினான்கு வருஷம். மகளுக்கு இருபத்துமூன்று வயது. பக்கத்து ஊர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற, ஓயாமல் பேசுகிற ஒரு நல்ல பையனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, அவளுக்கும் அவனை. அவனுடைய அம்மாவும் அத்தையும் வீட்டைப் பார்த்துப் பேசி முடிக்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். முந்தின நாள் தையல்காரம்மா மறுபடி அறைக்கு வந்தாள். இந்த முறை உட்காரவில்லை.

"அண்ணே, நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றாங்க. நாளைக்கு ஒரே ஒருநாள். எங்க வீட்டுப் பக்கம் கூட்டத்தைக் கொண்டு வராதீங்க. வேற எதுவும் கேக்கல."

வெண்கலம் உருகிவிட்டார். உருகுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "என்னம்மா நீ, அவ என் பொண்ணு மாதிரி. நாளைக்கு நீரூத்தோட முடிச்சுக்கறேன். என் வாயால ஒரு வார்த்தை வராது."

மறுநாள் வந்தது சாதாரணக் கூட்டம் இல்லை. சதுக்கத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்காக நகரசபைத் தலைவர் நாற்பது விருந்தாளிகளை அழைத்து வந்திருந்தார். வெண்கலம் அன்று புதுச் சட்டை. நீதிமன்றம், மணிக்கூண்டு எல்லாம் அமோகமாகப் போயிற்று. நீரூற்றில் நிறுத்தி, கைகூப்பி, "இத்தோட..." என்று ஆரம்பித்தார். தலைவர் குறுக்கிட்டார். "என்னப்பா, சவுக்குக்காரன் வீடு? அதைக் கேக்கத்தானே இவங்க வந்திருக்காங்க?"

பதினொன்று ஆகிக்கொண்டிருந்தது. பச்சைக் கதவு துடைத்துப் பளபளவென்று இருந்தது, படியில் ஒரு கல் இல்லை. ஜன்னலில் தையல்காரம்மா தெரிந்தாள். அவரைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினாள். கடைவரிசைப் பக்கமிருந்து, கையில் பழக்கூடையோடு, ஊருக்குப் புதிய இரண்டு பெண்கள் வீட்டு எண்களைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்கள்.

வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம். வெயில் என்று சொல்லியிருக்கலாம். தலைவர் கொன்றா போட்டிருப்பார்? ஆனால் நாற்பது முகங்கள் அவரையே பார்த்தன. ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை. வெண்கலம் பிரம்பை உயர்த்திக்கொண்டு தெற்கே நடந்தார்.

அன்றைக்குச் சொன்னதுபோல் அவர் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. வளையத்தைப் பிரம்பால் தட்டியபோது இரும்பு கணீரென்றது. நாற்பத்தொரு அடியையும் எண்ணினார். பழக்கூடைக்காரப் பெண்கள் கூட்டத்தின் பின்னால் நின்று கேட்டார்கள். முதலில் வேடிக்கையாக, பிறகு வீட்டு எண்ணையும் கையிலிருந்த காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி. அவர் அவர்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "சவுக்கு போயிடுச்சுங்க. ரத்தம் இங்கதான் இருக்கு." தலைவரே முதல் கல்லைப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த இரண்டு பெண்களும் கதவைத் தட்டவே இல்லை. அம்மாக்காரி அத்தையிடம் சொன்னது வெண்கலத்தின் காதில் விழுந்தது. "பொய்யாவே இருக்கட்டும். நாளைக்கு நம்ம பேரப்பிள்ளையையும் இப்படித்தானே சொல்லுவாங்க?" பழக்கூடை வந்த வழியே திரும்பிப் போயிற்று. பையன் இரண்டு கடிதம் எழுதினான், மூன்றாவது வரவில்லை.

பத்து நாளில் தாயும் மகளும் வீட்டைக் காலி செய்தார்கள். தையல் மெஷினை நாலு பேர் பிடித்து வண்டியில் ஏற்றும்போது வெண்கலம் ஒரு கூட்டத்தோடு நீரூற்றில் நின்றுகொண்டிருந்தார். மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தையல்காரம்மா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார், திட்டியிருந்தால் தேவலை. கையில் இருந்த துடைப்பத்தை அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. நாளைக்கும் கல்லு விழும். யாராவது பெருக்கணும்."

அவர் வாங்கவில்லை. அவள் அதை ஒரு கல் மீனின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். யார் அந்தம்மா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "மனசு சரியில்லாதவங்க, பாவம்" என்றார் வெண்கலம்.

விழாவின் நினைவாக நகரசபை தெற்குச் சுவரில் செம்புத் தகடு பதித்தது. அதற்கான வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் வேறு யார்? வீடு அப்போது பூட்டிக் கிடந்தது. இருந்தாலும் கடைசி வரியை அவர் விடவில்லை. 'அவன் வழிவந்தோர் இன்றும் இவ்வீட்டில் வாழ்கின்றனர்.' அந்த வரி இல்லாவிட்டால் கதை நிற்காது. ஆள் இல்லாத வீட்டுக்கு எவன் கல் போடுவான்? நகரசபை அதையே புத்தகமாகவும் அச்சடித்தது.

நாலு வருஷம் கழித்து அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுத்தார்கள். கட்டியோடு குரலும் போயிற்று. மிச்சமிருந்தது ஒரு சீறல், அதையும் காதைக் கொண்டுபோய் வாய்க்குப் பக்கத்தில் வைத்தால்தான் கேட்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இவருக்கு வாயே கெட்டது. நகரசபை வில்லையை வாங்கிக்கொண்டது. வேலை போனால் அறையும் போகும். உடம்பும் பாதியாக வற்றிவிட்டது.

அண்ணன் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தார். நல்ல பிள்ளைகள்தான், வேளாவேளைக்குச் சோறு போட்டார்கள். ஆனால் அவர் சீற ஆரம்பித்தால், "சரி சித்தப்பா, சரி" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். சதுக்கத்தைப் பார்க்காமல் அவருக்கு மூச்சு முட்டியது. சதுக்கத்தில் காலியாக இருந்தது ஒரே ஒரு வீடு. வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தார்.

"அந்த வீட்டுக்கா? நாலு வருஷமா ஒருத்தரும் எட்டிப் பாக்கலய்யா. உங்களுக்குப் பயமா இல்லையா?"

வெண்கலம் அவர் காதில் சீறினார். "என் கதைதானே." வீட்டுக்காரருக்குப் புரியவில்லை, சாவியைக் கொடுத்தார்.

அன்று மாலையே குடிபோய்விட்டார். ஜன்னலோரத் தரையில் மெஷின் நின்ற நாலு பள்ளங்கள் இருந்தன. சுவரில் ஆணிகள். பலகை இடுக்கில் நீல நூல் ஒன்று, இழுக்க இழுக்க வந்தது. அதை விரலில் சுற்றிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். அப்போது அவருக்கு அழுகை வந்தது என்னவோ உண்மைதான். யாருக்காக என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. மறுநாள் காலையில் எழுந்து, சதுக்கத்தைப் பார்த்தபடி உட்காரலாம் என்று கதவைத் திறந்து, படியில் ஒரு நாற்காலியைப் போட்டார்.

ஒன்பதரை மணிக்குக் கூட்டம் வந்தது. புதிய வழிகாட்டி வெளியூர்ப் பெண், கூட்டம் வழி தவறாமல் இருக்க ஒரு மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்து நடப்பாள். சட்டையில் குட்டி மைக், இடுப்பில் ஒலிபெருக்கி, கையில் நகரசபைப் புத்தகம். வெண்கலத்தை அவள் பார்த்ததே கிடையாது. வளையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி ஆரம்பித்தாள். நாற்பத்தொரு அடி, நீதிமன்றம், தீர்ப்பு, எல்லாம் அப்படியே அவர் வார்த்தை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் ஓடுகிறாளே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. தொழில் புத்தி.

பிறகு குடை மெதுவாக அவர் பக்கம் சாய்ந்தது.

"நீங்க அதிர்ஷ்டசாலிங்க. வழக்கமா இந்தக் கதவு பூட்டியே இருக்கும். இன்னைக்கு அந்த வம்சத்துல கடைசி ஆளையே பாக்கறீங்க. சவுக்கு போயிடுச்சுங்க. ரத்தம் இங்கதான் இருக்கு."

முப்பது முகங்கள் அவரைப் பார்த்தன. ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை.

வெண்கலம் எழுந்தார். கையை ஆட்டினார். "இது விளக்கேத்துனவர் வீடு" என்றார். அந்த வீட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். சீறல் முதல் வரிசைக்குக்கூட எட்டவில்லை.

"என்னமோ சொல்றாரே?" என்றார் ஒருவர்.

"இவ்வளவு வருஷப் பாரம் இல்லையா, தாங்க முடியல போல" என்றாள் குடைக்காரி, மைக்கில்.

கடைவரிசை முனையில் சவுக்குக் கடைக்காரன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வெண்கலத்தை அவனுக்கு முப்பது வருஷமாகத் தெரியும். வெண்கலம் அவனைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினார். கடைக்காரன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு கூட்டம் தன் பக்கம் வருவதற்குள் சவுக்குகளை முன்வரிசையில் எடுத்து மாட்டுவதற்காக உள்ளே போய்விட்டான்.

வயதான ஒரு பெண் குனிந்து, அவர் காலில் படாமல் பதமாக ஒரு கல்லை வைத்தாள். "பாவம், இவர் என்ன பண்ணுவாரு" என்றார் அவள் கணவர். அவரும் ஒன்று வைத்தார். பின்னால் இருந்தவர்களுக்குக் குனியப் பொறுமை இல்லை. ஒரு கல் நாற்காலிக் காலில் பட்டது, ஒன்று முழங்காலில். எல்லாம் சின்னக் கல்தான், அவர் சொன்ன அளவுதான்.

குடை கடைவரிசைப் பக்கம் நகர்ந்த பிறகு வெண்கலம் நாற்காலியை உள்ளே எடுத்து வைத்தார். மெல்லப் படியிறங்கி, தலையைத் தூக்காமல், மூலைக்கடையில் ஒரு துடைப்பம் வாங்கி வந்தார். அடுத்த கூட்டம் பதினொரு மணிக்கு. அதற்குள் பெருக்கிவிட வேண்டும்.